வலைக்கென்று அனுப்பிய ஈயம்

கோட்டைப்பட்டினம் கடற்கரையில் நிற்கிறேன். வலைக்குண்டு வார்க்கத்தான் என்று நம்பி, அறந்தாங்கியிலிருந்து நான் வண்டியேற்றிய ஈயம் முழுவதையும் ஒரு சின்னப் பாய்மரப் படகின் அடியில் உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். அது மீன் பிடிக்கும் படகும் இல்லை. ஒரு துரை கடலில் உல்லாசமாகச் சுற்றுவதற்கு அவரே படம் வரைந்து அனுப்பியது. உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு.

படகைக் கட்டிய தச்சர், ஓடாவியே முதலில் ஓட்டிக்காட்ட வேண்டுமாம். தனியாகப் போகிறார். இந்தக் கரைப் படகுகள் சாய்ந்தால், வெளியே நீட்டிய குறுக்குப் பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து நிமிர்த்துவார்கள். இதில் பலகையே இல்லை.

“ஈயம் அனுப்புன புண்ணியவான் நீங்கதானா?” என்கிறாள் ஓடாவியின் மனைவி. “மெதக்குறதுக்கு யாராச்சும் ஈயத்தக் கட்டுவாங்களா?”

“வலைக்குன்னு நெனச்சுட்டேன், தங்கச்சி.”

காற்று ஓங்குகிறது. படகு சாய்ந்து, பாயின் ஓரம் தண்ணீரைத் தொடுகிறது. அவள் என் தோள்துண்டைப் பிடித்து இழுக்கிறாள்.

அடியிலிருக்கும் ஈயம் கீழே இழுக்க, படகு தானாக நிமிர்கிறது. மறுபடி சாய்கிறது, மறுபடி நிமிர்கிறது.

“அண்ணே, இன்னும் ஈயம் இருக்கா?” என்று கடலிலிருந்து ஓடாவி கத்துகிறார்.

அவள் துண்டை விடவில்லை. “இருந்தாலும் இல்லைன்னு சொல்லிருங்க” என்கிறாள்.