ஹெட்ஃபோனில் மட்டும் கேட்ட சத்தம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது நான் கண்ட கனவில்லை. யாரோ சொல்லிக் கேட்டதும் இல்லை. 2006, ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். விருத்தாசலத்தில், பீங்கான் ஜாடி செய்யும் ஒரு கம்பெனியின் ஆபீஸ் அறையில் எனக்கு நடந்தது.

என் கணவரின் தங்கை செல்வநாயகிக்குச் செவ்வாய்க்கிழமை கழுத்தில் ஆபரேஷன். கட்டி. குரல் போய்விடவும் வாய்ப்புண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் மகள் தமிழினிக்கு அப்போது பத்து மாதம். அம்மாவின் குரல் எப்படி இருந்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாமலே போய்விடக் கூடாது. அதற்காகத்தான் பதிவு செய்ய வந்தோம். எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டு ஓரம், ஹாரன் ஓயாது. கம்பெனி என் கணவரின் நண்பருடையது, ஞாயிறு விடுமுறை. வாட்ச்மேன் சாமிக்கண்ணு பூட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் கதவில்லாத வாசல். அதற்கப்பால் குடோன். சூளையிலிருந்து வந்த ஜாடிகள் வரிசை வரிசையாக இருந்தன.

"மைக்கப் பாத்தா எலெக்‌ஷன் ஞாபகம்தான் வருது அண்ணி. வாக்காளப் பெருமக்களேன்னு ஆரம்பிக்கட்டா?"

"ஒதை வாங்குவ. மொதல்ல இத சரி பண்ண வுடு."

2.10. மைக்கைச் செருகினேன். ஸ்பீக்கர் 'கூ...' என்று ஊளையிட்டது. ஸ்பீக்கரின் சத்தம் மறுபடி மைக்குக்குள் போனால் அப்படித்தான். செட்டிங்ஸில் ஸ்பீக்கரை மியூட் செய்துவிட்டு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டேன். அவள் பேசினால் திரையில் பச்சைக் கோடு எழும்ப வேண்டும். வாயை மூடினால் படுத்துவிட வேண்டும்.

அவள் வாயை மூடினாள்.

கோடு எழும்பியது.

டிங்... டிங்...

"எதையாவது தட்டுறியா செல்வி?"

"கைய கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அறையில் ஃபேன் சத்தம் மட்டும். மாட்டினேன். டிங்... டிங்... சத்தம் வலக்காதிலிருந்து இடக்காதுக்கு நகர்ந்தது. எங்களிடம் இருந்தது ஒரே மைக். இரண்டு காதிலும் ஒன்றுபோலத்தான் கேட்க வேண்டும்.

2.31. மைக்கின் அளவை முழுதாகக் குறைத்தேன்.

டிங்...

2.34. ஒயரையே பிடுங்கினேன்.

டிங்... இன்னும் பக்கத்தில்.

ஹெட்ஃபோனை அவள் காதில் வைத்தேன். அவள் முகம் வெளுத்தது.

"வா, போயிடலாம்."

"இல்ல அண்ணி. இன்னைக்கி வுட்டா எப்ப பேசப் போறேன்? சொருவுங்க."

செருகினேன். ஹெட்ஃபோனைத் திரும்ப மாட்டிக்கொண்டு அளவை ஏற்றினேன். ரெக்கார்ட் பொத்தானை அழுத்தியபோது 2.38.

"தமிழினிக் குட்டி... அம்மா பேசறேன்டி..."

அவள் பேசப் பேச, அந்தச் சத்தம் வாசலைத் தாண்டியது.

எனக்குப் பின்னால் வந்தது.

அவள் பக்கம் போனது.

நின்றது.

டொக்.

செல்வி கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி... யாரு என்னைத் தட்டுனது?"

ஓடினோம்.

வீட்டில் பார்த்தபோது அவள் கழுத்தின் இடப்பக்கம் ஒரு நீலக் கோடு. சோப்புக்குப் போகவில்லை. அன்று மாலை என் கணவர் போய் ரெக்கார்டிங்கை நிறுத்தி, சேவ் செய்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை, ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அந்த இடத்தைக் குறித்தது யார்?" ஸ்கேனில் தெரியாத இரண்டாவது கட்டி அந்தக் கோட்டுக்கு நேர் கீழே இருந்ததாம். அதையும் எடுத்துவிட்டார். செல்வி பிழைத்தாள். கரகரத்தாலும், குரலும் பிழைத்தது.

ஜூலை 1. அந்தப் பதிவை சிடியில் போட கம்பெனிக்குப் போனேன். இந்த முறை ஸ்பீக்கரை ஆன் செய்தேன். சாமிக்கண்ணு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டிங்... டிங்... டொக்.

"ஐயோ, இது விருத்தாம்பா தட்டறதும்மா."

"யாரு?"

"இங்க வேல பாத்தவ. சூளையிலேர்ந்து வர்ற ஜாடிய ஒவ்வொண்ணா வெரலால தட்டுவா. டிங்குன்னா நல்லது. டொக்குன்னா உள்ளார விரிசல். நீலப் பென்சில்ல கோடு போட்டு ஒதுக்கிடுவா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"செத்து நாலு வருஷம் ஆவுது."

ஸ்பீக்கரில் நாங்கள் ஓடும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை... பிறகு செருப்புச் சத்தம். சாமிக்கண்ணுவின் குரல்.

"ஃபேன அமத்தாம போயிட்டாங்க பாரு..."

டொக்.

அவர் என்னைப் பார்த்தார். காக்கிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினார்.

இடப்பக்க மார்பில் ஒரு நீலக் கோடு.

"இருவது நாளா தேய்க்கறேம்மா... போவ மாட்டேங்குது."