மூன்று மாதம் மறைத்த செய்தி

பள்ளி விடுமுறைக்கு நானும் கணவரும் மகளும் மட்டக்களப்பிலிருந்து வேனில் வாகரைப் பக்கம் போனோம். மாங்கேணியில் மீன் பொரியலோடு சாப்பிட்டுவிட்டு, பனிச்சங்கேணிப் பாலம் பார்க்கப் புறப்பட்டோம்.

வாவியோரம் வந்ததும் ஓட்டிக்கொண்டிருந்த கணவரின் பேச்சு நின்றது. கைகள் விறைத்து, வேன் பாதையை விட்டு இறங்கியது. கூப்பிட்டேன், அவருக்குக் கேட்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வேன் கரைச் சேற்றில் நின்ற கண்ணா மரங்களில் முட்டி நின்றது. அதற்கு அப்பால் தண்ணீர்தான்.

யாருக்கும் காயமில்லை. கொஞ்ச நேரத்தில் தெளிந்தவர் சொன்னார்: "எனக்கு வலிப்பு இரிக்காம். வாகனம் ஓட வேணாமெண்டு டொக்டர் சொன்னவர்."

"எப்ப?"

"மூணு மாசத்துக்கு முன்ன. நீ பயப்படுவாய் எண்டு சொல்லல்ல."

பின்னாலிருந்து மகள் கேட்டாள்: "தெரிஞ்சுகொண்டேயா அப்பா எங்கள ஏத்தினீங்க?"



நோயை நான் ஒருநாளும் பாரமாக நினைத்திருக்கமாட்டேன். என்னிடம் மறைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போனதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

இப்போது லைசன்ஸ் எடுத்து வேனை நானே ஓட்டுகிறேன். கிளினிக்கில் டொக்டரின் அறைக்குள்ளும் கூடவே போகிறேன்.

"வெளிய இரு, வந்து சொல்றன்" என்பார்.

"ஓம், சொல்லுங்க. டொக்டர் சொல்றத நானும் கேக்கிறன்" என்று அவருக்கு முன்னே உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன்.