பூஜையில் வைத்த பேட்ஜ்

எங்கள் வீட்டில் கதிர்வீச்சு என்றால் அது மொட்டை மாடிக்கு எதிரே நிற்கும் செல்போன் கோபுரம்தான். அரியலூரில் எங்கள் தெருவே அதற்கு எதிராக மனு கொடுத்தது. முதல் கையெழுத்து என் அத்தையுடையது, அதாவது மாமியாருடையது. மனு கொடுத்துவிட்டு வந்த கையோடு, ஆண்டிமடத்தில் இருக்கும் தன் தங்கையைப் போனில் கூப்பிட்டு, அதே கோபுரத்தின் தயவில் முக்கால் மணி நேரம் அதைத் திட்டித் தீர்த்தார்.

நான் பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். கோபுரத்திலிருந்து வருவது வேறு வகை, எக்ஸ்ரேவுக்கு இருக்கும் பலம் அதற்குக் கிடையாது என்று ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். அத்தை பெருமையாகப் போட்ட கிரானைட் தரையிலிருந்தும், வானத்திலிருந்தும், சாப்பிடுகிற வாழைப்பழத்திலிருந்தும்கூட அந்தப் பலமான வகை துளித்துளியாக வந்துகொண்டுதான் இருக்கிறது, அதனால் யாரும் படுத்துவிடவில்லை என்றேன்.

"வாழப்பழத்துல வருதாம்ல! படிக்க வச்சா இப்படித்தான் பேச்சு வரும்," என்றார் அத்தை. ஆனாலும் அன்று சாப்பிட்டுவிட்டுப் பழத்தை உரிக்கும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியதைப் பார்த்தேன்.

வேலையில் எனக்குத் தைரியம் ஜாஸ்தி. வேப்பந்தட்டைப் பக்கமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வரும் அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "இதனால புள்ளைக்கு ஏதும் ஆயிடாதுங்களே?" நான் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "ஒண்ணும் ஆகாதுங்க, ஆடாம புடிச்சுக்கங்க," என்பேன். பொய்யில்லை. ஆனால் பதிலும் இல்லை. வெளியே வரிசை நிற்கும், அது நகர வேண்டும்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டானேன். அத்தை வேண்டாத சாமி பாக்கியில்லை. இரண்டாம் மாதம் உறுதியானதும் சென்டர் முதலாளியான டாக்டரிடம் சொன்னேன். அன்றே என்னை எக்ஸ்ரே அறையிலிருந்து ரிசப்ஷனுக்கு மாற்றிவிட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஐந்தாம் மாதம் அந்தக் கடிதம் வந்தது.

எக்ஸ்ரே எடுப்பவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம். நாங்கள் வாங்குகிற கதிர்வீச்சை அது தனக்குள் சேர்த்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அளந்து சொல்வார்கள். எனக்கு எப்போதும் ஒன்றுமில்லை என்றுதான் வரும். இந்த முறை, வயிற்றில் பிள்ளை தங்கிய அந்த மூன்று மாதத்துக்கு, அளவு எல்லை தாண்டியிருந்தது. காரணம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஒண்ணும் ஆகாதும்மா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும், என்னுடையதுதான்.

அரியலூர் பஸ்ஸில் கைப்பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பட்ட கதிருக்கு இனித் தடுப்பு வைத்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும். பயமென்றால் அப்படி ஒரு பயம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை வழக்கம்போல, "வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு இதத் தொடாதம்மா," என்று என் போனை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். தினமும் அதற்கு ஒரு சண்டை போடுகிறவள் அன்று பேசாமல் கொடுத்தேன். அத்தைக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, அத்தை கடைக்குப் போன நேரம் பார்த்துப் போனைப் பானையிலிருந்து எடுத்தேன். எந்த நாள் என்ன தப்புச் செய்தேன் என்று கண்டுபிடிக்கப் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஆயுத பூஜை வந்தது. மிஷினுக்கு வாழைக்கன்று, பட்டை, பொட்டு. மார்புப் படம் எடுக்க ஆட்கள் சாய்ந்து நிற்கும் ஸ்டாண்டின் பக்கத் திருகில் ஒரு மாலை. மாலைக்கு நடுவே, சந்தனம் குங்குமத்தோடு, என் பேட்ஜ்.

நான்தான் மாட்டினேன். கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது, நம் ஆயுதம் இதுதானே என்று ஒரு பக்தி. லீவு முடிந்து வந்ததும் மிஷினைத் தொட்டுக் கும்பிட்டேன், பேட்ஜை மறந்தேன். மாலை சருகாகிப் பெருக்குகிற அக்கா கழற்றும்வரை, ஒரு வாரத்துக்கு மேல், பெரம்பலூரின் இருமல் அத்தனைக்கும் அது பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது. அக்கா கொடுத்ததும் சந்தனத்தைத் துடைத்துவிட்டு நெஞ்சில் குத்திக்கொண்டவளும் நானேதான்.

அரிசிப் பானை பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுகையும் வந்தது.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இத எப்படிம்மா காரணம்னு எழுதுறது? சாமிக்கு வச்சோம்னா?" என்றார்.

"உள்ளதத்தானே சார் எழுதணும்."

எழுதினார். அந்த அளவு என்னுடையதல்ல என்று ஏற்றுக்கொண்டார்கள். பேட்ஜை எக்ஸ்ரே அறைக்குள் மாட்டி வைக்கக் கூடாது என்று ஒரு வரி புத்தியும் சொல்லியிருந்தார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அந்த நிம்மதி இரண்டு ஸ்டாப் வரை தாங்கியது. பேட்ஜ் மாலைக்குள் இருந்த நாளெல்லாம் நான் பேட்ஜ் இல்லாமல்தானே வேலை பார்த்தேன்? தடுப்புக்குப் பின்னால்தான் நின்றேன், ஒன்றும் இருக்காது. இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அளந்து சொல்ல எதுவும் இல்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். எட்டாம் மாதம் நெஞ்சுச் சளி பிடித்து மூச்சு இழுத்தது. குழந்தை டாக்டர் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். "அந்தக் கோபுரம் என்ன பண்ணி வச்சிருக்கோ, ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம்," என்று அத்தைதான் முதலில் கிளம்பினார்.

எங்கள் சென்டருக்கே போனோம். என் இடத்தில் புதிதாக வந்த பெண் இருந்தாள். ஈய அங்கியை மாட்டிக்கொண்டு பிள்ளையைப் பிடித்தேன். என்னை அறியாமல் வாய் கேட்டுவிட்டது.

"இதனால புள்ளைக்கு ஏதும் ஆயிடாதுல்ல?"

அவள் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "ஒண்ணும் ஆகாதுக்கா, ஆடாம புடிச்சுக்கங்க."