பிளாஸ்டரில் ஒரு விண்மீன் திரள்

தெருவில் அவருக்குப் பல்செட்காரர் என்றுதான் பெயர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் கட்டித் தருவது தொழில். மேல்வரிசை கீழ்வரிசையில் இம்மி பிசகாமல் உட்காரவேண்டும். அதிலேயே பழகிப்போன கை. கோணலாக மாட்டிய காலண்டரைக்கூடச் சும்மா கடந்து போகமாட்டார்.

அவருடைய தங்கை, பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் அறிவியல் டீச்சர். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க விண்மீன் திரள்களின் மாதிரிகள் நான்கு வேண்டும் என்று படங்களோடு வந்து நின்றாள். சுருள், நடுவில் பட்டையோடிய சுருள், முட்டை வடிவம் மூன்றும் சிரமமில்லாமல் அமைந்தன. நான்காவது, நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு குட்டித் திரள். படத்தில் எதையோ கொட்டித் துடைத்த மாதிரி இருந்தது. வேறு நல்ல படம் இல்லையா என்று கேட்டார்.

“படம் நல்லாத்தான் இருக்கு அண்ணா. அதோட உருவமே அவ்வளவுதான்.”

பக்கம் என்றால் எவ்வளவு என்றார். அங்கிருந்து வெளிச்சம் வந்து சேரவே இருபது லட்சம் வருடத்துக்கு மேலாகும் என்றாள் தங்கை.

“நம்ம சொந்தத்துல சில பேரும் அந்த மாதிரிப் பக்கம்தான்” என்றாள் அவர் மனைவி, உள்ளேயிருந்து.

நான்காவதற்கு அவர் முதலில் செய்ததைத் தங்கை கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து, முட்டைதான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்றாள். அவருக்கே தெரியாமல் விரல்கள் அதை உருட்டி வழித்துவிட்டிருந்தன. ரோசத்தில் மேடும் பள்ளமுமாக இன்னொன்று செய்தார். அதைத் தொட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அண்ணா, இது பல்வரிசை.”

மேடுகளெல்லாம் சம இடைவெளியில் நின்றன. அதன்பிறகு அவர் தன் கையை நம்பவில்லை. படத்தின்மேல் கட்டம் போட்டு, வெளிச்சம் கூடின இடத்தில் மெழுகை உயர்த்தி, மங்கின இடத்தில் தாழ்த்தி, கட்டம் கட்டமாக நகர்ந்தார். முடித்துப் பார்த்தபோது பாதியில் விட்ட வேலைபோல் இருந்தது, பிடிக்கவில்லை. இருந்தாலும் பிளாஸ்டரில் வார்த்துக் கொடுத்தனுப்பினார்.

வகுப்பில் ஒரு மாணவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு முன்பக்கம் எது என்று கேட்டாளாம். அப்படி ஒன்று இல்லை என்று டீச்சர் சொன்னதும், “அப்போ இதைத் தப்பாப் பிடிக்கவே முடியாது” என்றாளாம். தங்கை போனில் இதைச் சொன்னாள். உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் அவர் விசாரித்தார்.

சில மாதங்களில் நான்கும் கைபட்டுக் கைபட்டு மூளியாகிப் பழுதுபார்க்க வந்தன.

“நாலாவதை விட்டுடு அண்ணா. அதுல என்ன போச்சுன்னு யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் தங்கை.

அவர் படத்தை எடுத்து விளக்கடியில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் ஓரம் பெயர்ந்திருந்தது. அந்த ஓரத்தில்தான் புது விண்மீன்கள் பிறக்கின்றன என்று படத்தின் கீழே போட்டிருந்தது. மற்ற மூன்றையும் ஒதுக்கிவிட்டு, முதலில் அதற்குப் பிளாஸ்டர் குழைத்தார்.