எந்தப் பட்டனையும் அமுக்கலாம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு செல்போன் கடை இருந்தது. ரீசார்ஜ், கவர், சார்ஜர், பழைய போன் வாங்கி விற்பது. ஒன்பதாவதோடு நின்றவனுக்கு அது போதும். மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கே என் மனைவி சி பாடம் எடுத்தாள். மதியம் சாப்பாட்டுக்கு இறங்கி வருவாள். சாப்பிட்டு ஏறிப் போவாள்.

சி என்பது கம்ப்யூட்டரிடம் வேலை வாங்குகிற பாஷை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆனால் மாடி ஜன்னல் வழியாக வருஷக்கணக்கில் கேட்டு, பாடத்தின் தொடக்கம் மட்டும் மனப்பாடம்.

"மொதல்ல கிளியர் ஸ்கிரீன் போடு. கடைசில கெட்ச் போடு."

முதலாவது திரையைத் துடைக்கும். இரண்டாவது, ஏதாவது ஒரு பட்டனை அமுக்கும்வரை திரையை அப்படியே நிறுத்தி வைக்கும். எங்கள் பக்கம் சி படித்த பிள்ளைகள் எல்லாரும் இந்த இரண்டையும் போட்டுத்தான் படித்தார்கள். கடை திறந்ததும் ஊதுபத்தி கொளுத்துகிற மாதிரி. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாயிரத்து ஏழு கோடையில் ஒருநாள் அவள் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"என்ன?" என்றேன்.

"புள்ளைங்க சேரல. ஜூன்ல ஹாலை துணிக்கடைக்கு குடோனா விடப் போறாராம் சார்."

சார் என்பது சென்டர் முதலாளி. அவளுக்கு சி சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

"அப்ப நீ?"

"நான் என்ன, துணி மடிக்க வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சாப்பிடவில்லை.

அந்த வாரமே அவளுடைய பழைய மாணவர் ஒருவர் கடைக்கு சார்ஜர் வாங்க வந்தார். பெங்களூரில் வேலை. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த பெரிய போனைப் பார்த்தார். நான் பழையதாக வாங்கி வைத்திருந்தது.

"மிஸ் இருக்காங்களாண்ணே? இந்த போன்ல இப்ப சி ஓடும். சொல்லுங்க."

அவளைக் கூப்பிட்டேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவுக்கு இதுதான். சி எழுதுகிறவர்களுக்கென்று ரெடிமேடாக ஒரு சாமான் செட்டு உண்டு. எழுத்தைத் திரையில் காட்ட ஒன்று, ஃபைலைத் திறக்க ஒன்று, நேரம் கேட்க ஒன்று. அதற்கு லைப்ரரி என்று பேர். கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் அது இருக்கும். போனில் இதுவரை சரியாக இல்லை. போனுக்கென்று எல்லாம் வேறு மாதிரி எழுத வேண்டும். இப்போது அதே செட்டைப் போனுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

"அந்த பஸ் புரோகிராம் இருக்குல்ல மிஸ், அப்படியே ஓடும்" என்று ஒரு சி.டி.யைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பஸ் புரோகிராம் அவள் பாடத்துக்காக எழுதியது. ஊருக்கு ஒரு நம்பர். அரியலூர் ஒன்று, குன்னம் இரண்டு, உடையார்பாளையம் மூன்று. நம்பரை அடித்தால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லும்.

அவள் மாடிக்கு ஓடினாள். சார் யோசித்தாராம்.

"ஞாயித்துக்கெழமை பெத்தவங்க வராங்க. போன்ல ஓட்டிக் காட்டும்மா. ஒரு பேட்ச் சேந்தா சென்டர். இல்லன்னா குடோன்."

நான் என் பங்குக்கு டைம் கீப்பரிடம் போய்ப் புது நேரம் எல்லாம் கேட்டு வந்தேன். "சொன்னது நான். வரவேண்டியது வண்டி" என்றார் அவர். பஸ் ஸ்டாண்டில் அவர் ஒருவர்தான் எப்போதும் நிதானமாக இருப்பார்.

மறுநாள் மதியம் அவள் இறங்கி வந்த முகம் நன்றாக இல்லை.

"கிளியர் ஸ்கிரீன்னா என்னன்னே தெரியாதுங்குது."

"எது?"

"போன். கெட்ச்சும் தெரியாதாம். சி.டி.ல இருக்கிறதைப் படிச்சேன். அது ரெண்டும் சி-யே இல்லைங்க. நம்ம சென்டர்ல போட்டிருக்கிற பழைய சாஃப்ட்வேர்காரன் சொந்தமா சேத்துக்கிட்டது. ஊர் ஒலகத்துக்குப் பொதுவான லைப்ரரில அது கெடையாது."

"சரி."

"என்ன சரி? எட்டு வருசமா சி-ன்னு சொல்லிக் குடுத்தது சி இல்லைங்கிறேன்."

"எல்லாமா?"

"மொதல் வரியும் கடைசி வரியும்."

"நடுவுல இருக்கிறது?"

"அது சி-தான்."

"அப்ப சோறு நம்மளுது. எலையும் டம்ளரும்தான் பக்கத்து வூட்டுது. குடுத்துட்டு வேற போடு."

முறைத்தாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

சாரிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "போன் கம்பெனிக்காரனுக்கு சி தெரியலம்மா" என்றார். குரல் கீழே வரை கேட்டது.

அவள் இரண்டையும் எடுத்தாள். திரையைத் துடைப்பதற்குப் பதில் வெற்று வரியாக நிறைய விட்டாள். பழைய எழுத்து தானாக மேலே போய்விடும். கெட்ச்சை எடுத்துவிட்டு ஓட்டியபோது, பதில் வந்த வேகத்தில் திரை மூடிக்கொண்டது. ஸ்டாப்பில் நிற்காத பஸ் மாதிரி. என்ன எழுதியிருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பொது லைப்ரரியில் கெட்ச்சுக்குப் பதிலாக வேறு ஒன்று உண்டாம். அதைப் போட்டாள். நின்றது. குன்னம் பஸ் நேரம் வந்தது. கடையில் கவர் வாங்க வந்தவர் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்.

ஞாயிறு காலை ஹால் நிறைந்திருந்தது. நானும் கடையைச் சாத்திவிட்டு மேலே போய்ப் பின்னால் நின்றேன். சார் முதலில் கம்ப்யூட்டரில் காட்டினார். பழைய புரோகிராம்தான், கிளியர் ஸ்கிரீனோடு.

"பாருங்க, எப்படி சுத்தமாத் தொடைக்குது. இதுதான் சி."

சொல்லி முடிக்கும்போது கரண்ட் போனது. பேன் நின்றது. மூலையில் யு.பி.எஸ். கீ கீ என்று கொஞ்சம் கத்தி அதுவும் ஓய்ந்தது. எல்லாத் திரையும் கறுப்பு.

"இப்ப இன்னும் சுத்தமாத் தொடச்சிருச்சு சார்" என்றார் ஒருவர். குன்னத்துக்காரர். மகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவர். தோளில் கிடந்த துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

ஆட்கள் எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். என் மனைவி போனை எடுத்து நீட்டினாள். "சார், இதுல காட்டலாம் சார்."

சார் வாங்கினார். அவருக்கு வேறு வழியில்லை. திரையில் வணக்கம் மாதிரி ஏதோ இங்கிலீஷில் வந்தது. கீழே, எந்தப் பட்டனையும் அமுக்கலாம் என்று ஒரு வரி. படித்தவர். எழுதியிருந்தபடி செய்தார். ஐந்தை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. எட்டை அமுக்கினார். மூன்று, இரண்டு, சைபர். போன் அப்படியே இருந்தது.

"ஹேங் ஆயிருச்சும்மா. பேட்டரியைக் கழட்டு."

"சார், நடுப் பட்டன் சார். நடுப் பட்டனை அமுக்கினாத்தான் போவும்."

"எந்தப் பட்டனும்னு நீதானே எழுதியிருக்கே?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்று இரவு எனக்கு விளக்கினாள். வணக்கத்துக்குப் பிறகும் ஒரு கெட்ச் போட்டிருந்தாளாம். கெட்ச் என்றால் எந்தப் பட்டனும் போதும். புதிதாகப் போட்டது அப்படி இல்லை. நடுப் பட்டனை அமுக்கும்வரை அடித்ததை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். கெட்ச்சை எடுத்தவள், அதோடு சேர்ந்த அந்த 'எந்தப் பட்டனையும்' வரியை எடுக்கவில்லை. கை பழகிய வரி. கண்ணில் படவில்லை.

சார் நடுப் பட்டனை அமுக்கினார். அவர் அடித்த ஐந்தைப் போன் விழுங்கிக்கொண்டது. மிச்சத்தை ஊர் நம்பர் என்று எடுத்துக்கொண்டது. 8320-க்கு பஸ் இல்லை என்று இங்கிலீஷில் பதில் வந்தது. சார் அதை வாய்விட்டுப் படித்துவிட்டார்.

"எட்டாயிரத்து முந்நூத்தி இருவதா?" என்றார் குன்னத்துக்காரர். "அது எந்தப் பக்கம் சார்? ஆத்தூருக்கு அந்தாண்டயா?"

ஹாலே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. என் மனைவியும் சிரிக்கவில்லை. எழுந்தவர்களில் சிலர் வாசல் வரை போய்விட்டார்கள். அவள் போனை வாங்கினாள்.

"ஐயா, உங்களுக்கு எந்த ஊரு?"

"குன்னம்."

புரோகிராமைத் திரும்ப ஓட்டினாள். நடுப் பட்டன். இரண்டு. நடுப் பட்டன். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். பதினொன்று ஐம்பது.

அவர் தன் வாட்ச்சைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். எதிரே பஸ் ஸ்டாண்டில் குன்னம் வண்டி பின்பக்கமாக வந்து நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் ஏறிக்கொண்டிருந்தார்.

"அட, ஆமா." மகள் கையைப் பிடித்தார். "சார், புள்ள பேரை எழுதிக்குங்க. மத்ததை நாளைக்கு வந்து பேசிக்கிறேன். இதை வுட்டா அப்பறம் வெயில்ல கெடக்கணும்."

படியில் தடதடவென்று இறங்கினார்கள். வாசல் வரை போனவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். அப்பாவும் மகளும் ரோட்டைத் தாண்டி ஓடி பஸ்ஸைப் பிடிப்பதை எல்லாரும் பார்த்தோம்.

"உடையார்பாளையம் பாரும்மா" என்றார் ஒரு அம்மா.

"ஏலாக்குறிச்சி இருக்கா? இங்கேர்ந்து நேரா இருக்கா, அரியலூர்ல மாறணுமா?"

சி பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பேர் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு பேட்ச்சுக்குப் போதுமான ஆள் சேர்ந்துவிட்டது. கரண்ட் வந்தபோது ஹாலில் நாங்கள் மூன்று பேர்தான். துணிக்கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ஜூனில் முதல் வகுப்பு. கடையைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்திவிட்டு, மாடிப் பக்கம் காது கொடுத்தேன். வழக்கமான முதல் வரி வரவில்லை. போர்டில் சாக்பீஸ் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு குன்னத்துப் பெண்ணின் குரல்.

"மிஸ், எங்க அண்ணன் எப்பவும் மொதல்ல கிளியர் ஸ்கிரீன்னு போடும். நீங்க போடலையே?"

"காலேஜ் லேப்ல கேப்பாங்க. அங்க போடு, இல்லன்னா மார்க்கைக் கொறச்சிருவாங்க. ஆனா அது அந்த சாஃப்ட்வேரோடது. சி-யோடது இல்ல. தெரிஞ்சு போடு."

"போன் கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியல" என்று உள்ளிருந்து சார் சொன்னார்.

"சரிங்க சார்" என்றாள் அவள். பாடத்தைத் தொடர்ந்தாள்.

மதியம் இறங்கி வந்தாள்.

"மொதல் வரி இல்லாம ஆரம்பிக்க என்னவோ மாதிரி இருக்குங்க."

"கேட்டுச்சு."

"பழகிரும்" என்று சொல்லி டிபன் பாக்ஸைத் திறந்தாள்.