ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க

ஏ.சி. மெக்கானிக் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்ப்பதற்குள் தனபால் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். "ஏனுங்க, வந்தது வந்துட்டீங்க. ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க." மெக்கானிக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். உள்ளே ஒரு பழ ஈ மயங்கிக் கிடந்தது. அதன் கண் எப்படி இருக்கிறது என்று தனபால் கேட்டார். வெள்ளையாக இருக்கிறது என்றார் மெக்கானிக். "சுத்த வெள்ளைங்களா, இல்ல லேசா ஏதாச்சும் கலந்தாப்புலங்களா?" சுத்த வெள்ளைதான். தனபால் தலையாட்டிவிட்டு அவருக்குக் காபி வரவழைத்தார்.

கோவையில் துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் இருக்கிறது அந்தத் தனியார் ஆய்வு மையம். அங்கே யார் போனாலும் இந்த மரியாதை உண்டு. கூரியர்காரர், தணிக்கைக்கு வந்தவர், தண்ணீர் கேன் போடுபவர் என்று ஒருவரும் தப்பியதில்லை. புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்க வந்த மச்சினர்கூட முதலில் ஈயைப் பார்த்தார், பிறகுதான் பத்திரிகை வைத்தார். எங்கள் பக்கத்து உபசாரம் ஊரறிந்தது. வந்தவரைச் சும்மா அனுப்பிவிட்டால் இங்கே யாருக்கும் சோறு இறங்காது. தனபால் அந்தப் பழக்கத்தை ஈ வரைக்கும் நீட்டிவிட்டார் என்றுதான், மையத்தைப் பற்றி எழுதப் போய் ஈயும் பார்த்துக் காபியும் குடித்த நானும் நினைத்தேன்.

தனபாலின் வேலை, ஈ முட்டைக்கு ஊசி போடுவது. முட்டை ரவையைவிடச் சின்னது. ஊசி கண்ணாடியால் ஆனது. அதன் முனை இருக்கிறது என்று அவர் சொன்னார், நான் நம்பினேன். அதன் வழியே உள்ளே போவது மருந்தல்ல, பிளாஸ்மிட். டி.என்.ஏ.வால் ஆன குட்டி வளையம் அது. ஈயின் உடம்பில் எந்த ஜீனை வேலை செய்யவைக்க வேண்டுமோ அதை அந்த வளையத்தில் சேர்த்திருப்பார்கள். எப்போது, எந்த உறுப்பில் வேலை செய்ய வேண்டும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச். வளையம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஓர் அடையாளமும் கூட இருக்கும்: கண்ணுக்கு நிறம் தரும் ஜீன். ஊசி போடுவது வெள்ளைக் கண் ஈக்களின் முட்டைக்கு. வளையம் ஒட்டிக்கொண்டால், ஊசி வாங்கிய ஈயின் பிள்ளைகளில் ஒன்றிரண்டு நிறக் கண்ணோடு பிறக்கும். அது ரத்தச் சிவப்பாகவும் இருக்கலாம், துவைத்துத் துவைத்து வெளுத்த ரோஜா நிறமாகவும் இருக்கலாம். வளையம் எங்கே போய் உட்கார்ந்தது என்பதைப் பொறுத்தது. வெள்ளைக் கண்ணோடு பிறந்த மற்ற பிள்ளைகள் ஸ்பிரிட் பாட்டிலுக்குப் போகும்.

ஊசி போடுகிற காலையில் தனபால் காபி குடிக்க மாட்டார், கை ஆடுமாம். பேசவும் மாட்டார். அறை வாசலில் தன் செருப்பைக் குறுக்கே போட்டு வைப்பார். அதைத் தாண்டி இயக்குநரே உள்ளே வந்ததில்லை. வயது ஐம்பதை நெருங்குகிறது. எல்லா நாளும் வெள்ளைச் சட்டை, சாம்பல் பேன்ட். துணி எடுப்பது, காய்கறி வாங்குவது எல்லாம் மனைவி சண்முகப்பிரியாவின் பொறுப்பு. தக்காளியில் காய் எது பழம் எது என்று தெரியாத மனுஷன், ஈயில் மட்டும் என்னத்தைக் கண்டாரோ என்று அந்த அம்மாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார். சொந்த ஊர் அவினாசிப் பக்கம். திருப்பூரில் மாமன் வைத்திருந்த சாயப்பட்டறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, விலங்கியல் படிக்கக் கோவைக்கு வந்தவர். பட்டறையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "சாயம் நமக்கு ஒத்துக்கலீங்க" என்றார். தோல் அரிப்பாக இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அங்கே பிளாஸ்மிட் வளையங்களைச் செய்து கொடுப்பவர் ரவிதேஜா. பீளமேட்டு நாயுடு வீட்டுப் பையன், வாய் சும்மா இருக்காது. தனபாலிடம் தான் படும் பாடு இரண்டு என்று என்னிடம் புலம்பினார். முதலாவது, எந்த வளையம் கேட்டாலும் கண் நிற அடையாளம் வேண்டாம், இருட்டில் பச்சையாக மினுங்குகிற அடையாளம் போடுங்கள் என்று தனபால் மல்லுக்கு நிற்பார். அந்த மினுங்கலைப் பார்க்க வேண்டிய விளக்கோ கெட்டுக் கிடக்கிறது. இரண்டாவது, வேறொருவர் பார்த்துச் சொல்லாமல் ஒரு வெள்ளைக் கண் ஈயைக்கூட ஸ்பிரிட்டில் கொட்ட மாட்டார். கேட்டால், உசுரு பாருங்க, அவசரப்படக் கூடாதுங்க என்பாராம். ஈ அறையில் இப்படி ஜீவகாருண்யம் பார்த்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது என்றார் ரவிதேஜா.

அந்த ஆண்டு எல்லோருடைய கவலையும் பிரவீனாவைப் பற்றியது. பெருந்துறைப் பெண், முனைவர் பட்ட ஆய்வாளர். தூக்கத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு ஜீனைப் பற்றி ஆராய்ந்து தன் தூக்கத்தைத் தொலைத்தவர். வளையத்தைச் சரியாக அமைக்கவே வெகு காலம் பிடித்தது. முதல் தடவை ஊசி போட்டதில் நிறக் கண்ணோடு ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. ஆண்டு முடிவில் அவருடைய வழிகாட்டி ஓய்வு பெறுகிறார். ஈ அறையைக் கணினிப் பிரிவுக்கு ஒதுக்கியாகிவிட்டது. ஆகவே இரண்டாம் தடவைதான் கடைசித் தடவை. இதிலும் நிறக் கண் பிறக்காவிட்டால் ஆய்வு அதோடு சரி.

இரண்டாம் தடவை ஊசி வாங்கிய ஈக்களின் பிள்ளைகள் கூட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கிய நேரத்தில் ஆயுதபூஜை வந்தது. கோவையில் அன்றைக்குப் பொட்டு வைத்துக்கொள்ளாமல் தப்பிக்கும் இயந்திரம் கிடையாது. விடுமுறைக்கு முந்தைய மாலையே மையத்தில் பூஜை போட்டார்கள். பொரி, சுண்டல், வாசலில் உடைத்த பூசணி. நுண்ணோக்கியின் நெற்றியில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தவர் பிரவீனா. அவருடைய வேண்டுதலின் அளவுக்குக் குங்குமமும் இருந்தது. விடுமுறையில் தனபால் மட்டும் வந்து, பிறந்த ஈக்களைப் புதுக் குப்பிகளுக்கு மாற்றிவிட்டுப் போனார். ஈக்கு ஏது லீவு.

விடுமுறை முடிந்து மையம் திறந்த காலையில், விட்டுப்போன விவரங்களைக் கேட்க நானும் போயிருந்தேன். பிரவீனா முதல் குப்பியின் ஈக்களை வாயு வரும் வெள்ளைத் தட்டில் மயக்கிக் கொட்டினார். தூரிகையால் ஒதுக்கிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ரவிதேஜாவைக் கூப்பிட்டார். ரவிதேஜா பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நானும் பார்த்தேன். ஒருக்களித்துக் கிடந்த ஈயின் கண் நல்ல சிவப்பு. பிரவீனா வீட்டுக்குப் போன் போட்டார். யாரோ மிச்சமிருந்த பொரியைக் கொண்டுவந்தார்கள். இத்தனை பேர் பார்த்துவிட்டோமே, இனி எதற்கு என்பதுபோல் தனபால் மட்டும் ஓரமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். பிரவீனா விடவில்லை, கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

தனபால் வெகு நேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அம்மணி, இதுல மண்ணு ஒட்டியிருக்குது."

"மண்ணுங்களா? ரத்தமாட்டச் செவந்து கெடக்குதுங்கண்ணா" என்றார் ரவிதேஜா.

தனபால் தூரிகை முனையால் ஈயை மறுபக்கம் புரட்டிப்போட்டுவிட்டு எழுந்து இடம் விட்டார். பிரவீனா குனிந்து பார்த்தார். அந்தப் பக்கத்துக் கண் வெள்ளை. நுண்ணோக்கியின் நெற்றியிலிருந்து உதிர்ந்த குங்குமம் தட்டில் லேசாகப் படிந்திருந்தது. அதில் முகம் புதைத்துக் கிடந்திருக்கிறது ஈ. ரவிதேஜா பொரித் தட்டை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்தார்.

நாங்கள் யாரும் காணாததை அண்ணன் எப்படிக் கண்டார் என்று ரவிதேஜா வியந்தார். அனுபவம் என்று நான் சொன்னேன். தனபால் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். பிரவீனா அழவில்லை; தட்டைத் துடைத்து, மீதிக் குப்பிகளையெல்லாம் தனபால் பக்கம் நகர்த்திவைத்தார்.

"மீதிய நீங்களே பாத்துச் சொல்லிருங்கண்ணா. என்ற கண்ண இனி நம்ப முடியாது."

தனபால் குப்பிகளைப் பார்த்தார். அவருக்கு வியர்த்தது, ஏ.சி. நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

"எனக்குச் செவப்பு தெரியாதுங் கண்ணு" என்றார். "பொறந்ததுல இருந்தே. நீங்க எல்லாருமு நெறத்தப் பாத்தீங்க. எனக்கு அது தெரியாததுனால மண்ணு தெரிஞ்சுது. லேசா நெறம் இருந்துச்சுன்னா எனக்கு அதுவும் வெள்ளைதானுங்க. நீதான் பாக்கோணும்."

பிறகு கேட்காமலே மற்றதையும் சொன்னார். மாமன் பட்டறையில் மெரூன் கேட்ட பார்ட்டிக்குப் பாட்டில் பச்சையை ஏற்றி அனுப்பிவிட்டாராம். அன்றைக்கே வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். இங்கேயும் தெரிந்தால் இந்த வேலையும் போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. ரவிதேஜா இதுவரை ஈ பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப அந்தத் தண்ணி கேன் போடறவருங்க?"

"அவருக்கு நல்ல கண்ணுங்க" என்றார் தனபால்.

உபசாரம் என்று நினைத்து நான் குடித்த காபியெல்லாம் கூலி. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இத்தனை காலமும் ஒரு மனிதர் வருவோர் போவோரிடம் கண்ணை இரவல் வாங்கி, தப்பாக ஓர் ஈயைக்கூடக் கொட்டாமல் பிழைத்திருக்கிறார். இதை எழுதலாமா என்று பிற்பாடு கேட்டேன். எழுதிக்குங்க, இனி மறைக்க என்ன இருக்குது என்றார்.

பிரவீனா குப்பிகளை எண்ணிப் பார்த்தார். விடுமுறையில் பிறந்த ஈக்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "பாக்கறதுக்கு ஆளு இல்லீங்களே. ஒண்ணக்கூடக் கொட்டல, அப்புடியே வெச்சுப்போட்டேன்" என்றார் தனபால். பிரவீனா இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

தனபால் ஈக்களை மயக்கி, தூரிகையால் வரிசையாகப் படுக்கவைத்துத் தட்டை நகர்த்துவார். பிரவீனா பார்த்து வெள்ளை, வெள்ளை என்று சொல்லிக்கொண்டே வருவார். ரவிதேஜா தன் வேலைக்குப் போகவில்லை, நானும் கிளம்பவில்லை. ஒரு குப்பியின் நடுவில் பிரவீனாவின் குரல் நின்றது. அவர் தூரிகையை வாங்கி அந்த ஈயைப் புரட்டிப்போட்டுப் பார்த்தார். திரும்பவும் புரட்டினார். பிறகு ரவிதேஜாவைப் பார்க்கச் சொன்னார், என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு கண்ணும் ஒரே நிறம், வெளுத்த ரோஜா. மண் இல்லை, வழவழவென்று இருந்தது.

"ஒரு எட்டு பாருங்கண்ணா" என்றார் பிரவீனா. இப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

தனபால் பார்த்தார். "எனக்கு வெள்ளையாத்தானுங் கண்ணு இருக்குது" என்றார். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. வெகு நேரம் கழித்து, அந்த ஈயைத் தன் கையாலேயே புதுக் குப்பிக்கு மாற்றி, பஞ்சு அடைத்து, பிரவீனாவிடம் கொடுத்தார்.

பிறகு கொஞ்சம் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து நுண்ணோக்கியின் நெற்றியைத் துடைக்கத் தொடங்கினார். சந்தனம் போயிற்று. அவர் இன்னும் அழுத்தித் துடைத்தார். குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், மறுபடியும் துடைத்தார். அப்போது கூரியர்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தனபால் அவருக்கு நாற்காலி போடவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நுண்ணோக்கியை எங்கள் பக்கம் திருப்பிவைத்து, "செவப்புப் போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.