புத்தகத்தின் தலையில் போட்ட பழி

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். "கதைப் புத்தகம் என் புத்தியைக் கெடுத்துவிட்டது, சபையார் மன்னிக்க வேண்டும்." சனிக்கிழமை சாயங்காலம் சபைக் கமிட்டியின் முன்னால் நின்று இதைச் சொல்லிவிட்டால் ஜூடித்துக்கு மறுநாள் திருவிருந்தில் இடம் உண்டு, திங்கட்கிழமை மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலையும் உண்டு. சொல்லாவிட்டால் இரண்டும் போய்விடும்.

"வாயில வரலியோ?" என்றார் அவள் அப்பா தேவசகாயம். லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. கைகளில் அரைத்த மை போல எண்ணெய்க் கறை, எந்தச் சோப்புக்கும் போகாது. "வாரா வாரம் ஊருக்கெல்லாம் வாசிச்சியேட்டி, அப்ப மட்டும் மணி மணியா வந்துச்சே!"

ஜூடித் காலையிலிருந்து அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் 'கெடுத்துவிட்டது' என்ற இடத்தில் அது நின்றுவிட்டது.

இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு நடந்தது இது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நிஜாம் சீமைக்குப் பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் செகந்திராபாத்தில் சொந்தம் என்று இருந்தது சபை ஒன்றுதான். பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சபை, பெண்ணைக் கட்டிக்கொடுக்கச் சபை, செத்தால் தூக்கிக்கொண்டு போகவும் சபை. அங்கே ஒருவனை ஒதுக்கிவிட்டால் அவன் திரும்பிப் போக வேறு கதவு கிடையாது. தேவசகாயத்தின் கோபத்துக்குள் இருந்தது முக்கால்வாசி இந்தப் பயம்தான்.

சங்கடம் என்னவென்றால், அந்தக் கதைப் புத்தகத்தை வரவழைத்ததே சபைதான்.

பிள்ளைகளுக்குத் தமிழ் போய்க்கொண்டிருந்தது. "சாப்பிட வாடா" என்று தாய் கூப்பிட்டால் "நக்கோ" என்று உருதுவில் மறுப்பு வரும். ஞாயிறு பள்ளியில் வசனம் கேட்டால் "ஹவ் டீச்சர்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டுத் தெலுங்கில் முணுமுணுப்பார்கள். வேதத்தை மட்டும் வாசித்தால் ஓடிவிடுகிறார்களே, கதை வாசித்தால் உட்கார மாட்டார்களா என்று கமிட்டி யோசித்தது. பட்டறையில் தலைமைக் குமாஸ்தாவாகவும் கமிட்டியில் காரியதரிசியாகவும் இருந்த மோசஸ் மதராசுக்கு எழுதி ஒரு நாவலைத் தருவித்தார். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் வாசிப்பு. ஆண் பேசுவதை ஜெயகரன் வாசிப்பது, பெண் பேசுவதை ஜூடித் வாசிப்பது என்று ஏற்பாடு. ஜெயகரன் ரயில்வேயில் குமாஸ்தா, சபையில் பாடகர் குழுத் தலைவன். அவன் குரலுக்குச் சபையே மயங்கும். கலியாணமானவன். மனைவி கனகமணி.

கதையில் ஒரு மிராசுதாரின் மனைவி. அவளுக்குப் பாட்டுச் சொல்லித் தர ஒருவன் வருகிறான். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் வழக்கம்போல ஓடிப்போனார்கள். பெரியவர்கள்தான் ஒருவர் விடாமல் வந்து உட்கார்ந்தார்கள். "அடுத்த வெள்ளி வரைக்கும் எப்படிம்மா பொறுக்கிறது?" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர் மோசஸேதான்.

புத்தகம் ஜூடித்தை ஒன்றும் செய்யவில்லை என்றால் அதுவும் பொய். அதுவரை ஜூடித்துக்குத் தெரிந்த தமிழில் ஆசைக்குச் சொல் இல்லை. பாவத்துக்கு இருந்தது, பக்திக்கு இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு இருந்தது. அந்த நாவல்தான் அவளுக்குச் சொல் கொடுத்தது. 'உம் பெயரைச் சொல்லிப் பார்க்கத் தனியிடம் தேடுகிறேன்' என்று கதாநாயகி சொல்லுகிற வரியைச் சோறு வடிக்கும்போதும் அவள் வாய் முணுமுணுத்தது.

வியாழக்கிழமை ஒத்திகை. ஒரு வியாழன், மழை மூடிக்கொண்டு ஹால் இருட்டிவிட்டது. பள்ளிக்கூடப் பணியாள் விளக்குக் கொண்டுவரவில்லை. எழுத்து தெரியவில்லை என்று ஜெயகரன் புத்தகத்தைப் பெஞ்சின் மேல் வைத்தான். எழுந்து போகவில்லை. ஜூடித்தும் போகவில்லை. வெளியே ரயில் ஒன்று கூவிக்கொண்டு போய் முடிந்த பிறகு அவள் சொன்னாள்:

"சனிக்கிழமை ஒத்திகை இல்ல. ஆனாலும் வாங்க."

அவன் வந்தான். அந்தச் சனிக்கிழமையும் வந்தான், அதற்கடுத்த சனிக்கிழமைகளிலும் வந்தான். கடைசியில் ஹுசைன் சாகர் கரையில் இருவரும் கைகோத்து நிற்கும்போது சபை உபதேசியாரின் சைக்கிள் எதிரே வந்து நின்றது.

கமிட்டி ஜெயகரனை வியாழக்கிழமையே விசாரித்துவிட்டது. அவன் பழியைப் புத்தகத்தின் மேல் போட்டான். கமிட்டிக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது. புத்தகத்தை எரித்துவிடலாம், இரண்டு குடும்பங்களையும் காப்பாற்றிவிடலாம். ஜூடித்தும் அதையே சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று பாதிரியார் தேவசகாயத்திடம் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை மத்தியானம் கனகமணி வந்தாள். தேவசகாயம் அவளைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல." ஆனால் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். வெயிலில் வந்த மூச்சு வாங்கியது. "அவுக சொல்லியாச்சு. தெரியும்லா?"

"தெரியும்க்கா."

"என்ன தெரியும் ஒனக்கு? கமிட்டிலருந்து வந்தாவ. தலை சீவுனாவ. காப்பி கேட்டாவ. காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி அப்படியொரு தெளிச்சி. பாவம், அவுக என்ன செய்வாவ! புஸ்தகம்லா எல்லாஞ் செஞ்சிட்டு!"

ஜூடித் தரையைப் பார்த்தாள்.

"நான் அறிவுகெட்டவதான். எட்டாங் கிளாஸோட நிறுத்துனவ. ஆனா கேக்கேன். அந்தப் புஸ்தகத்தோட முடியப் புடிச்சு நான் நாலு அறை அறைய முடியுமா? அதுக்கு முடி இருக்கா? இன்னைக்கு இத எரிப்பாவ. நாளைக்கு மெட்ராஸ்ல இன்னொண்ணு அச்சடிப்பான். அப்ப நான் என்ன செய்ய? தபால்காரன வாசல்ல மறிச்சுக்கிட்டு நிக்கவா?"

"அக்கா..."

"அக்காங்காத. ஒண்ணே ஒண்ணு சொல்லு. யாரு கூப்பிட்டது?"

கொல்லையில் தேவசகாயம் இருமினார். அந்த இருமல் 'வேண்டாம்' என்று சொல்லிற்று. ஜூடித் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கனகமணி எழுந்தாள். "சரி. நீயும் புஸ்தகத்தையே சொல்லு. அதுக்குத்தான் வாய் இல்லையே, மறுத்தா பேசப்போவுது" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் சபைக் கோயிலை ஒட்டிய சின்ன அறையில் கமிட்டி கூடியது. நடுவில் பாதிரியார், பக்கத்தில் மோசஸ், இன்னும் சில பெரியவர்கள். சுவரோரம் ஜெயகரன். பெண்கள் பக்கத்தில் கனகமணி. கதவருகில் தேவசகாயம், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு. மேசையின் மேல் அந்தப் புத்தகம் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. பிளேக் வந்த எலியைப் பார்ப்பதுபோல எல்லாரும் சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"பயப்படாதே, மகளே" என்றார் பாதிரியார். குரலில் உண்மையான கருணை இருந்தது. அதுதான் அவளை அதிகமாகக் கலங்க வைத்தது.

"கதைப் புத்தகம் என்..." என்று தொடங்கினாள்.

"புத்தியை" என்று எடுத்துக் கொடுத்தார் மோசஸ். "சொல்லும்மா, நேரமாகுது. புத்தியை..."

ஜூடித் நிமிர்ந்து பார்த்தாள். கனகமணி இவளைப் பார்க்கவில்லை, மேசை மேல் இருந்த பொட்டலத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். அதனோடுதான் இனிக் காலம் தள்ள வேண்டும் என்பதுபோல.

"ஐயா, அந்தக் கதைய நாங்க ரெண்டு பேரு மட்டும் படிக்கல" என்றாள் ஜூடித். "சபையார் எல்லாரும் கேட்டீங்க. மோசஸ் ஐயா ஒரு வெள்ளிக்கிழமைகூட விடல. அவுக புத்தி கெடலியே."

கடைசி நாற்காலியில் யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. மோசஸின் காது சிவந்தது. "வாய் நீளுது, தேவசகாயம்! மக என்ன பேசுதான்னு கேளும்! நான் அட்டையப் பார்த்துட்டு நல்ல புஸ்தகம்னு..."

"பேசவிடுங்கள்" என்றார் பாதிரியார்.

"அதுல இருந்த வார்த்தையெல்லாம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. அத இல்லைங்கல. ஆனா சனிக்கிழமை வாங்கன்னு அதுல எந்தப் பக்கத்துலயும் எழுதியில்ல. அத நான்தான் சொன்னேன். அவுகளுக்குக் கலியாணம் ஆயிருக்குன்னு தெரிஞ்சு, கனகமணி அக்கா யாருன்னு தெரிஞ்சு, தெளிஞ்ச புத்தியோட சொன்னேன். கூப்பிட்டது நான். வந்தது அவுக."

அதுவரை எல்லாருக்கும் நிழல் கொடுத்துக்கொண்டிருந்த கூரையை அவள் ஒரு கையால் பிடுங்கி எறிந்தது போலிருந்தது. பாதிரியார் மெல்ல ஜெயகரன் பக்கம் திரும்பினார்.

"நான்தான் முந்தாநாளே சொல்லிட்டேனே, ஐயா" என்றான் அவன். பாட்டில் அப்படிக் கணீரென்று ஒலிக்கும் குரல் இப்போது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள் கனகமணி.

"பொம்பளைங்க இங்க..." என்று மோசஸ் ஆரம்பித்தார். கனகமணி எழுந்து போய், ஒருவரும் தொடாத அந்தப் பொட்டலத்தை எடுத்து மோசஸின் மடியில் வைத்தாள். மேசை காலியானது.

"இப்பச் சொல்லுங்க. புஸ்தகம் இல்லாம சொல்லுங்க."

ஜெயகரன் காலி மேசையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். "நானாத்தான் போனேன்" என்றான்.

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. ஒரு வருஷம் இருவருக்கும் திருவிருந்து இல்லை. ஜெயகரன் பாடகர் குழுவை விட்டு இறங்க வேண்டும். ஜூடித்துக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அவனுடைய குமாஸ்தா வேலையை யாரும் தொடவில்லை, அது சபையின் கையில் இல்லாதது. எரிப்பதைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. மோசஸ் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினார். கதையின் கடைசி அத்தியாயங்கள் இன்னும் வாசிக்காமல் பாக்கி இருந்தன.

வாசலில் கனகமணி நின்றிருந்தாள்.

"ஒன்ன நான் மன்னிக்கல" என்றாள். "மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா யார மன்னிக்கணுங்கறது இப்பத் தெரியுது. அது போதும்."

தேவசகாயம் வழியெல்லாம் நாலு அடி முன்னாலேயே நடந்தார். ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. கூட்ஸ் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பாமலே கேட்டார்: "கூப்பிட்டது நீயாட்டி?"

"ஆமாப்பா."

வண்டி முடிந்தது. கேட் திறந்தது. "ராத்திரிக்கு மாவு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். இப்போது முன்னால் நடக்கவில்லை.

மறுநாள் அவள் கோயிலுக்கு வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்தாள். எப்போதும் உட்காரும் வரிசையிலேயே உட்கார்ந்தாள். திருவிருந்து வேளை வந்ததும் பெண்கள் வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். ஒவ்வொருத்தியும் சேலை உரசாமல் அவளைத் தாண்டிப் போனாள். கடைசியாகக் கனகமணி எழுந்து வந்தாள். ஜூடித் கால்களை உள்ளே இழுத்து வழிவிட்டாள்.